குரலை எழுதி வைத்தவள்

என் மனைவி சுகந்தி தன் குரலைப் பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு உயில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனாள். எங்களுக்குப் பிள்ளையில்லை. வீடும் நிலமும் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள், அம்மாவின் குரலை யார் கொடுப்பார்கள் என்பாள்.

உயில் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தக் குரல் யாரை நினைவில் வைத்திருக்க வேண்டும்? அவள் என் பெயரை எழுதப் போனாள். நான்தான் தடுத்தேன்.

"குடுக்கறதை முழுசாக் குடு. என்னை எதுக்கு அதுல இழுக்கறே?"

பெரிய மனுசன் மாதிரிப் பேசிவிட்டேன்.

அவள் போனதும் வீட்டிலிருந்த அவள் குரல் பதிவுகளையெல்லாம் சட்டப்படி அழித்துவிட்டார்கள். குரல் இனி காப்பகத்துக்கு மட்டும்தான் சொந்தமாம். சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆளில்லாமல் எட்டு மாதம் ஓட்டினேன். நேற்று மத்தியானம் முடியவில்லை, போய்க் காப்பகத்தின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றேன்.

"வாங்க சாமி, சோறு ஆறுது" என்று சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் சுகந்தி கூப்பிட்டாள்.

"வர்றோம்மா" என்று இருபது பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முப்பத்தொரு வருசம் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரிடம் கேட்டாள்: "அம்மா, வாசல்ல ஒரு தாத்தா நிக்கறாரு. யாரும்மா அது?"

"தெரியலையே கண்ணு" என்றாள் சுகந்தி. "சாப்பிட்டாரான்னு கேளு."