வீட்டுச் செய்தி

கம்பளத்தில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். வட்டம் என்று மிஸ்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்குக் கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

மிஸ் வணக்கப் பாட்டைப் பாடினாள். வாய் தானாகப் பாடியது, கை தானாகத் தட்டியது. வெகுநேரம் சம்மணம் போட்டால் கால் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது அவளுக்கு. கிள்ளினால்கூடத் தெரிந்திருக்காது.

வானிலை அட்டையில் சூரியனை ஒட்டினாள்.

"மிஸ், வெளிய மழை பெய்யுது," என்றான் சின்ன வாத்தியார். வகுப்பில் யார் தப்புச் செய்தாலும் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவன் பிழைப்பு; அதனால் வந்த பெயர்.

சூரியனைப் பிய்த்துவிட்டு மேகத்தை ஒட்டினாள்.

இதற்கு அடுத்து வழக்கமாக வீட்டுச் செய்தி. கந்தல் முயல் பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே வரும். யார் மடியில் முயல் இருக்கிறதோ அவர் தன் வீட்டில் நடந்த எதையும் சொல்லலாம். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, மிஸ் உட்பட. இந்த ஒரு சட்டத்தால் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் மானம் காற்றில் பறந்திருக்கிறது. எந்த அப்பா குறட்டை விடுவார், எந்த அத்தை கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் மிஸ்ஸுக்கு அத்துப்படி.

இன்றைக்கு வீட்டுப் பேச்சே வேண்டாம் என்று தலைமையாசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார். காரணம் வாலு.

வாலு ஒரு வாரம் கழித்து இன்றுதான் வகுப்புக்கு வந்திருந்தாள். வெளியூரில் வேலையாக இருந்த அவள் அப்பா நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எல்லாம் அங்கேயே முடிந்தது. குழந்தையைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போய்வந்தார்கள். அப்பா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார், அடுத்த லீவுக்கு வந்துவிடுவார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். சொல்லவேண்டியவள் அம்மா. அந்த அம்மாவுக்கு இதுவரை வாய் வரவில்லை.

யாராவது ஒரு வாண்டு உளறிவிட்டால்? பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பதில் இந்த வயதுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

"முடியுமாம்மா? இல்ல, நான் பாத்துக்கட்டுமா?" என்று ஆயா கதவோரம் நின்று மெதுவாகக் கேட்டாள்.

முடியும் என்று மிஸ் தலையாட்டினாள்.

கேள்வியை மாற்றினாள். வரும் வழியில் என்ன பார்த்தீர்கள்? முயலையும் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் அனுப்பினாள். அப்படிப் போனால் வாலு கடைசி. முயல் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும்.

"மிஸ், முயல் இந்தப் பக்கம்தான் போகணும்," என்றான் சின்ன வாத்தியார்.

"இன்னிக்கு அந்தப் பக்கம் போகட்டும்."

முதல் குழந்தை நன்றாக யோசித்து, "நாய்," என்றது. அடுத்ததும் நாய். அதற்கடுத்ததும் நாய். ஒருத்தி மட்டும் பூனை என்று ஆரம்பித்தாள். எல்லாரும் முறைத்ததில் அவளும் நாய்க்கு மாறிவிட்டாள். வீட்டுச் செய்தி என்றால் ஆளாளுக்கு மூச்சுவிடாமல் அளப்பார்கள். இன்று முயல் ஒரே ஓட்டமாக வந்து சேர்ந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் கிடந்தது.

மிஸ் இதை எதிர்பார்க்கவில்லை. அவளுடைய அத்தனை வருட அனுபவமும் ஒரு தெருநாயிடம் தோற்றுப்போயிருந்தது. பயம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலு முயலை மடியில் உட்காரவைத்து அதன் காதை நீவிவிட்டாள்.

"நான் நாய் பாக்கல மிஸ். நான் வீட்டுச் செய்தியே சொல்றேன்."

சின்ன வாத்தியார் வாயைத் திறந்தான். முயல் அவளிடம் இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டான். மிஸ்ஸும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தான்.

"எங்கம்மா வீட்டுல பேசவே மாட்டேங்குறாங்க. அப்பா எப்ப போன் பண்ணுவாங்கன்னு கேட்டா, மடிச்ச துணியவே திரும்பத் திரும்ப மடிக்கிறாங்க. என்னன்னு சொல்லவே மாட்டேங்குறாங்க."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற கூட்டம் அது. யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க மிஸ். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்கல்ல?"

கதவோரத்தில் ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிக்குள் மிஸ், கேட்டைத் தாண்டினால்தான் அம்மா. மகளைத் தன் வகுப்பிலேயே சேர்த்த அன்று, மற்ற பிள்ளைகள் ஏங்கிப்போகுமே என்று அவள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வாலு செய்யாத சேட்டை இல்லை. ஆனால் இதை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை. இன்றும் மீறவில்லை.

மிஸ்ஸுக்குத் தொண்டை வலித்தது. ஒரு வாரத்தில் இப்போதுதான் முதல்முறையாக ஏதோ ஓர் இடம் வலிக்கிறது.

"சொல்றேன்மா," என்றாள். "இன்னிக்கே உங்கம்மாகிட்ட சொல்லிடறேன்."