அத்தி பூத்ததைப் பார்த்த ஒருத்தி

"அத்தி பூத்தாப்லன்னு ஊரே சொல்லுது. நீ பூத்து ஒருநாளும் நான் பார்த்ததே இல்லையேக்கா"ன்னு கிளையில உக்காந்து குக்குறுவான் குருவி சிரிச்சுச்சு பாருங்க, அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. அத்தி மரத்துக்கு அவமானமாப் போச்சு. பூவெல்லாம் காய்க்குள்ளயே இருக்குன்னு சொல்ல வாய் வரல. ரோஷத்துல, காய் நுனியில இருக்குற ஊசித்துளை வாசலையெல்லாம் இறுக்கி மூடிக்கிச்சு.

மஞ்சள் வெயில்ல மிதந்துக்கிட்டே ஒரு குளவி வந்துச்சு. எள்ளைவிடச் சின்னது, மேலெல்லாம் மகரந்தம்.

"அக்கா, வாசலைத் தொறங்க. பொழுது சாயறவரைக்கும்தான் எனக்கு ஆயுசு. அதுக்குள்ள முட்டை வைக்கணும்."

"எங்கிட்டதான் பூவே இல்லையாமே."

"யாரு சொன்னா? நான் பொறந்ததே அத்திப்பூவுலதான். உங்க பூ வாசனையைப் பிடிச்சுக்கிட்டேதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"வாசல் குறுகல்டி. ரெக்கை பிஞ்சிடும்."

"வீட்டுக்கு வந்தப்புறம் ரெக்கை எதுக்குக்கா?"

மரம் இளகிப்போச்சு. எல்லா வாசலும் தொறந்துச்சு. அவ பின்னாலயே அவ கூட்டமும் நுழைஞ்சுச்சு.

கொஞ்ச நாள்ல குஞ்சுக் குளவிங்க பறந்து போச்சு. மரம் குடிச்சு வச்சிருந்த வெயிலெல்லாம் காய்ல இனிப்பா ஏறுச்சு. குக்குறுவான் வயிறு முட்டத் தின்னுட்டு, "தேனா இருக்கு. ஆமா, நீ எப்பக்கா பூத்த?"ன்னுச்சு.

மரம், வாசல்ல ஒட்டியிருந்த அந்தத் தாய்க் குளவியோட ரெண்டு குட்டி ரெக்கையைக் காத்து அடிச்சுட்டுப் போகாம, ஒரு இலையைச் சாய்ச்சு மறைச்சுக்கிச்சு.

வெளிய தெரியாத உங்க பூவைத் தேடிக்கிட்டும் இப்படி யாராவது வந்திருக்காங்களா?