பெயில்ஸுக்கு வந்த சங்கடம்

ஸ்டம்புகளின் தலைமேல் விளக்கு வைத்த ஒரு சின்னப் பெயில்ஸ் கட்டை படுத்திருந்தது. பந்து பட்டால் சிவப்பாக மின்னிக்கொண்டே கீழே விழ வேண்டும். அதுதான் அதன் உத்தியோகம். அது விழுந்தால்தான் அவுட்.

அன்றைக்கு இரண்டு நாடுகளுக்கு இடையே இருபது ஓவர் ஆட்டம். கடைசி ஓவர், கடைசி விக்கெட். மட்டையோடு வந்தவனுக்கு நாட்டுக்காக இதுதான் முதல் ஆட்டம். காற்றில் சாய்ந்திருந்த பெயில்ஸை நடுங்கும் விரலால் நேராக்கி வைத்துவிட்டு நின்றான்.

பந்து வந்து ஸ்டம்பை உரசியது. பெயில்ஸ் மின்னியது, துள்ளியது, திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நாட் அவுட்!

"ஏண்டா விழலை?" என்று நடு ஸ்டம்பு அதட்டியது.

"என்னைத் தொட்ட கை நடுங்குச்சுண்ணே. மனசு வரலை."

பந்து போட்டவன் நம்ப முடியாமல் கிட்டே வந்தான். அவனுக்கும் இதுதான் முதல் ஆட்டம். கண் கலங்கியிருந்தது. திட்டப்போகிறான் என்று பெயில்ஸ் ஒடுங்கிக்கொண்டது. அவனோ குனிந்து, அதை இன்னும் ஒழுங்காக உட்காரவைத்து, "பரவாயில்ல" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அந்த விரலும் நடுங்கியது.

பெயில்ஸ் தவித்துப்போனது. "அண்ணே, இப்ப நான் என்ன பண்றது?"

அதற்குள் பந்து போட்டவன் அடுத்த பந்துக்கு ஓடி வர ஆரம்பித்திருந்தான்.