எங்கேயிருந்து வருகிறது பொட்டாசியம்?

சூசைரட்ணத்தின் இரத்தத்தில் பொட்டாசியம் மறுபடியும் கூடியிருந்தது. எப்படி என்று நர்ஸ் தனுஷிகாவுக்குப் புரியவே இல்லை.

"டயாலிசிஸ் மெஷின்ல போற தண்ணியில பொட்டாசியத்த இன்னும் குறைக்கச் சொல்லிட்டாரு டொக்டர். அப்பத்தான் ரத்தத்துல கூடினது அதுக்குள்ள இழுபடும். ஆனா ரொம்பக் குறைச்சா இதயம் தடுமாறிப் போகும், ஐயா. ஒளிச்சு என்ன சாப்புடுறீங்க?"

"ஒளிக்கவா? ஜெயில்லகூட வாழப்பழம் குடுப்பாங்க மிஸ். இவ கண்ணுல காட்ட மாட்டா."

"பொய்! நோட்டன் பிரிட்ஜ் கடையில தெம்பிலி இளநி குடிச்சிருப்பாரு," என்று பாய்ந்தாள் மனைவி பவுலின். "நான் நீங்க சொன்ன மாதிரியேதான் மிஸ் செய்றேன். உருளக்கெழங்கு, கீரை எல்லாத்தையும் நெறையத் தண்ணியில அவிச்சு, வடிச்சிட்டுத்தான் குடுக்கிறேன்."

முறை சரிதான். பொட்டாசியம் தண்ணீரோடு போயிருக்க வேண்டுமே!

"வேற என்ன குடுப்பீங்க அக்கா?"

பவுலின் பெருமையோடு பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள்.

"வெறும் சக்கையத் தின்னா மனுசனுக்குத் தெம்பு வருமா மிஸ்? அந்த வடிச்ச தண்ணியில மிளகு தட்டிப் போட்டு சூப்பு வச்சிருக்கேன். ஒரு சொட்டுகூட கொட்டுறதில்ல!"