கரிச்சான் பாட்டு

அந்தக் காட்டில் கேலிக்குக் ‘கரிச்சான் பாட்டு’ என்று பெயர். அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

கரிச்சான் குருவிக்கு எந்தக் குரலும் அப்படியே வரும். கௌதாரியின் இரண்டு குஞ்சுகளைப் பருந்து தூக்கிப்போன மறுநாள், அது பருந்தின் குரலிலேயே பேசியது: “பசிக்கா தின்கிறேன்? நீங்கள் பெருகிவிட்டால் உங்களுக்குத் தீனி போதாதே என்ற கவலையில் தின்கிறேன்.”

பறவைகள் வயிறு வலிக்கச் சிரித்தன. மேல்கிளையில் இருந்த பருந்தும் சிரித்தது. “பிரமாதம் தம்பி, நாளைக்கும் பாடு” என்றுவிட்டுப் பறந்தது.

கரிச்சான் கௌதாரியிடம் வந்தது. “எப்படி அக்கா, நல்லாக் குத்தினேனா?”

“நல்லாத்தான் இருந்தது தம்பி. மிச்சமிருக்கிற என் ஒரே குஞ்சும் சிரிச்சது. இனிமே அந்தக் குரலைக் கேட்டா அது ஓடி ஒளியாது.”