கரண்டு போன இருபது நிமிடம்

“ஒரு வரிதான்ணே குறையுது,” என்றார் இன்ஸ்பெக்டர், டைப்ரைட்டர் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

ஜனகராஜ் அடிப்பதை நிறுத்தினார்.

மேலூர் பொதுக்கூட்டத்தில் பேயாண்டி பேசிய பேச்சு இதுவரை பதினோரு பக்கம் வந்திருந்தது. பேயாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. கூப்பிட்ட மேடையில் ஏறிப் பேசுகிறவர். அன்றைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் சாகிற சனங்களைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜனகராஜ் அதையும் எழுதியிருந்தார்.

செத்தவர்களுக்காக அழுதால் குற்றமில்லை. தடை செய்த இயக்கத்துக்குத் துணை நில்லுங்கள் என்று கூட்டத்தைத் தூண்டியிருந்தால் பொடா. பயங்கரவாதத்துக்கு எதிரான புதுச் சட்டம். அதில் உள்ளே போனவருக்கு ஜாமீன் லேசில் கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவில் எத்தனை வார்த்தை தூரம் இருக்கும் என்று ஜனகராஜுக்கே ஒரு குறுகுறுப்பு. நோட்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை வாசித்துவிட்டார். பேயாண்டி அந்தத் தூரத்தைத் தாண்டின இடம் எதுவும் தட்டுப்படவில்லை.

தட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து காலையிலிருந்து மூன்று போன்.

ஜனகராஜ் போலீஸ் சுருக்கெழுத்தர். மேடைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலே பேசுகிறதை ஒரு சொல் சிந்தாமல் நோட்டில் பிடிப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பிடிக்கிறார். கைதட்டினால் அடைப்புக்குறிக்குள் கைதட்டல், இருமினால் இருமல். ஒருமுறை பேச்சுக்கு நடுவே கழுதை கத்தியதையும் எழுதிவைத்து, கோர்ட்டில் அதை வாசிக்க நேர்ந்தபோது ஜட்ஜே சிரித்துவிட்டார்.

சொன்னதை விட்டதில்லை. சொல்லாததைச் சேர்த்ததும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

இன்ஸ்பெக்டர் தாளில் கடைசியாக அடித்திருந்ததை விரலால் தொட்டார். ‘மின்தடை, மாலை 7.10.’

“இருபது நிமிஷம் கரண்டு இல்ல. மைக்கும் இல்ல. பின்னால நின்னவனுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. உங்களுக்கும் எழுத வெளிச்சம் கிடையாது. அதுக்குள்ள அந்த ஒரு வரியப் போட்டுருங்கண்ணே. உங்க கிறுக்கல வாசிக்க உங்கள விட்டா இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?”

யாரும் இல்லை. அவர் வாசிப்பதுதான் சாட்சி. ஒரே ஒரு வரி. அந்த ஆள் எத்தனை வருஷம் உள்ளே கிடப்பாரோ. அடிக்க மாட்டேன் என்றாலோ, மகள் வித்யாஸ்ரீ பிளஸ் டூ படிக்கிற நேரத்தில் அவருக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வரும். அதை இன்ஸ்பெக்டர் நேற்றே சிரித்துக்கொண்டே சொல்லியாகிவிட்டது.

ஜனகராஜுக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஆனாலும் நோட்டைப் புரட்டி இன்ஸ்பெக்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

மின்தடைக்குக் கீழே வெற்றுத்தாள் இல்லை. நான்கு பக்கம், இடைவெளி விடாமல், கோடு பிசகாமல் எழுத்து.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கம். படிக்கத் தெரியாவிட்டாலும் நிதானமாக எழுதிய எழுத்து என்று தெரிந்தது.

“இருட்டுல எப்படிண்ணே இம்புட்டு எழுதுனீங்க?”

மிரட்டலாகக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் வழக்கை மறந்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்றைக்குக் கரண்டு போனதும் கூட்டம் நடத்தியவர்கள் கடலை வண்டிக்காரரின் பெட்ரோமாக்ஸ் விளக்கை வாங்கி, முகம் தெரியட்டும் என்று பேயாண்டிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தார்கள். பேயாண்டி அதை அப்படியே எடுத்தார். மேடை ஓரத்துக்கு வந்து, குந்தி உட்கார்ந்து, ஜனகராஜின் ஸ்டூல் பக்கமாகக் கீழே நீட்டினார். முன்வரிசை ஆள் ஒருவர் எழுந்து வாங்கினார். அதற்கப்புறம் இருபது நிமிஷமும் பேயாண்டி இருட்டில் நின்றுதான் பேசினார்.

இன்ஸ்பெக்டருக்கு ஜனகராஜ் இதைச் சொல்லவில்லை. மேடையில் விழுந்த சொல் எல்லாம் நோட்டில் இருக்கிறதே. டைப்ரைட்டர் மேலிருந்த கையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையை எடுத்துக்கொண்டார். மின்தடைக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, ஜனகராஜ் அடிக்க ஆரம்பித்தார்.

‘இந்த விளக்க அந்த எழுதுற அண்ணன்கிட்ட வைங்கப்பா. இருட்டுல நான் சொல்லாதத எழுதிறப் போறாரு.

(சிரிப்பு. கைதட்டல்.)’