ஓரத்தில் ஒரு சொல்

“எங்கப்பாவைப் பத்தி எழுதிக் குடுத்தவன் யாருன்னு மட்டும் காட்டுங்க மேடம். சத்தம் போடாமப் போயிடறேன்.”

நீதிமன்ற ஆவண அறைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். மழிக்காத முகம், அச்சகத்து மை ஏறிய நகங்கள். நேற்றுப் பன்னிரண்டு வருஷம் தண்டனை வாங்கிய பெரியவரின் ஒரே மகன்.

“மொட்டைக் கடுதாசி தம்பி. பேரே இல்லை. பார்த்து என்ன பண்ணப்போற?”

“கையெழுத்து போதும். எங்க மாமா மேலதான் சந்தேகம். அவரா இருந்தா, அம்மாகூடப் பிறந்தவர்னு பார்க்க மாட்டேன்.”

மாமாவும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசி ஆறு மாதம் ஆகிறது. “ஊர் வம்பை விலைக்கு வாங்காதீங்க அத்தான்!” என்று அன்று கத்திவிட்டுப் போனவர்தான்.

அப்பா அப்படியென்ன வம்பு செய்துவிட்டார்? அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், பாவம். அந்தப் பித்து வீட்டிலும் விடாது. அம்மாவின் மளிகைச் சீட்டில் ‘அரை கிலோ’வில் ‘அரை’ விட்டுப்போனால்கூடப் போச்சு! வரிக்குக் கீழே கூரைபோல ஒரு குறி, அதிலிருந்து ஒரு கோடு, ஓரத்தில் விட்டுப்போன சொல், அதைச் சுற்றி வட்டம். “கடைக்காரன் என்ன, இதைப் புத்தகமாவா போடப்போறான்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் எழுதிய புத்தகமும் ஒன்று உண்டு. சிந்தித்த குற்றத்துக்காகக் கூண்டில் ஏறியவர்களின் கதை. நூறு பிரதிகூட விற்கவில்லை. அந்த மனுஷன் மேல்தான் வழக்கு: நாட்டுத் தலைவரைக் கிழிகிழியென்று கிழித்து, கையால் எழுதி, நகலெடுத்துத் தெருத்தெருவாக ஒட்டிய துண்டறிக்கை அவருடையதாம்.

“உங்கப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ‘எழுதினது நான்தான், அதுல எனக்கு வருத்தமே இல்லை’ன்னு ஜட்ஜைப் பார்த்துச் சிரிச்சாரே! அவரே ஒத்துக்கிட்டதால கையெழுத்தைக்கூட யாரும் சரிபார்க்கலை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு வகையில இந்தக் கடுதாசி உங்க தெருவுக்கு நல்லதுதான் பண்ணுச்சு. மறுநாள் போலீஸ்காரங்க வீடு வீடாப் புகுந்து, வயசுப் பசங்களை எல்லாம் அள்ளிட்டுப் போய் எழுதவச்சு, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கறதா இருந்தாங்க. இது வந்ததும் விட்டுட்டாங்க.”

“நல்லதா? எங்கப்பா உள்ளேயே செத்துப்போவார் மேடம்!”

குரல் உடைந்ததைக் கேட்டு அவளுக்கு மனசு இளகியது. கட்டை அவிழ்த்து ஒரு தாளை உருவினாள். “அஞ்சே நிமிஷம். நான் எதையும் பார்க்கலை.”

இடது கையால் எழுதியதுபோலக் கோணல்மாணலான எழுத்து. மாமாவின் கைதானா என்று சொல்ல முடியவில்லை. ‘இளைஞர்களைக் கெடுக்கிறார். தெய்வத்தைப் பழிக்கிறார். அரசுக்கு எதிராகத் தூண்டுகிறார்.’ அவனுக்கு ரத்தம் கொதித்தது.

“அயோக்கியன்! எங்கப்பா புத்தகத்துலேர்ந்தே காப்பி அடிச்சிருக்கான். எந்தக் காலத்துலயும் இந்த மூணைத்தான் சொல்லுவாங்கன்னு அவர் இதே வரிசையில எழுதியிருக்கார்!”

“குத்தம் சாட்டறவங்களுக்கு ரெண்டாயிரம் வருஷமா வேற எதுவும் தோணலை போல. ஒருத்தருக்கு விஷம், இன்னொருத்தருக்கு நெருப்பு. உங்கப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம்.”

அது அவன் காதில் விழவில்லை. கடைசி வரிக்கு வந்திருந்தான். ‘துண்டறிக்கையை எழுதியவர் இவர்.’ அதன் கீழே கூரைபோல ஒரு குறி. அதிலிருந்து ஒரு கோடு ஓரத்துக்குப் போனது. அங்கே, வட்டத்துக்குள், விட்டுப்போன ஒரு சொல்: ‘மட்டுமே’.

அந்த ஒரு சொல்லையே மறுபடி படித்துவிட்டு, தாளை அவளிடம் நீட்டினான்.

“என்ன தம்பி, யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரியலை மேடம்” என்றான், அந்தத் துண்டறிக்கையை எழுதியவன்.